‘சும்மாதான் இருக்கேன்க்கா’

ரிசல்ட் வந்த அன்றைக்கு அழுகிற பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை கிடையாது. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். ரிசல்ட் வந்தது தெரிந்தும் பதிவு எண்ணைப் போட்டுப் பார்க்காமல் இரண்டு வாரம் ஓட்டுகிறதே ஒரு பிள்ளை, அதைப் பார்த்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். என்ன பண்றே என்று கேட்டால், “சும்மாதான் இருக்கேன்க்கா.” அரியர் ஃபீஸ் கட்டாமல் கடைசித் தேதியைத் தாண்ட விட்டவன், குரூப் தேர்வுக்கு மறுபடி மறுபடி படிக்கிறவள், வேலை பிடிக்காமல் வருஷக்கணக்காகப் புலம்பியும் ரெஸ்யூமைத் திறந்து ஒரு வரி சேர்க்க முடியாதவன், பி.எச்டி. கைடின் மெயிலைத் திறக்கவே பயப்படுகிறவள் என்று ஆள்தான் வேறு வேறு. பதில் இதேதான்.

அடுத்து வரும் கேள்வி, “தெரபிக்குப் போகலாமாக்கா?”

தாராளமாகப் போ. எதற்குப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ. நான் டாக்டர் இல்லை. வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா, அவ்வளவுதான். அந்த பெஞ்சில் இருந்து எனக்குப் புரிந்தது இது: தெரபிஸ்ட் உனக்கு வேலை தேடித் தர மாட்டார், எந்தப் படிப்பு என்று தீர்ப்பும் சொல்ல மாட்டார். நீ தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிற அந்த ஒரு காரியத்தின் பக்கத்தில் உன்னைக் கொண்டுபோய் உட்கார வைப்பார். இதை எதிர்பார்த்துப் போனவர்களுக்குப் பலன் கிடைத்தது. ‘என் வாழ்க்கைக்கு ஒரு வழி சொல்லுங்க’ என்று போனவர்கள் இரண்டு தடவையோடு நிறுத்திவிட்டார்கள்.

முதலில் உடம்பைப் பார்

சிரிக்காதே. எப்போதும் களைப்பு, படித்தால் மண்டையில் ஏறவில்லை, காலையில் எழவே முடியவில்லை என்றால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடு. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளில் ரத்தசோகையோடு நடமாடிக்கொண்டு ‘நான் சோம்பேறிக்கா’ என்று சொல்கிறவர்கள் ஏராளம். ராத்திரி இரண்டு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு, காலையில் கவனம் இல்லை என்பதற்கும் தெரபி தேவையில்லை. போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுப் பார், ஒரு வாரம்.

உடம்பு சரியாக இருந்தும் மனசு தூக்கவில்லை என்றால் பி.எச்.க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. ஒன்பதே கேள்வி. போன இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஆர்வம், கவனம் எல்லாம் எப்படி என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அதை வைத்து நீயே நோய்க்குப் பெயர் சூட்டிக்கொள்ளாதே, அது டாக்டர் வேலை. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வருகிறதா என்பது. அதற்குப் பூஜ்யம் தவிர வேறு எதைப் போட்டாலும் மற்ற டிப்ஸ் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடு. இன்றைக்கே வீட்டில் ஒரு ஆளிடம் சொல், 14416-க்கு போன் போடு.

14416 என்பது மத்திய அரசின் டெலி-மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். முதலில் பேசுகிறவர் கவுன்சிலர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார், இல்லையென்றால் பக்கத்தில் எங்கே போகலாம் என்று சொல்வார். சாகிற அளவுக்குப் போனால்தான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ‘பரீட்சைக்குப் படிக்க உட்கார முடியலை’ என்பதே போதுமான காரணம். தமிழ்நாட்டில் 104 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பிளஸ் டூ, நீட் ரிசல்ட் நேரங்களில் மாணவர்களிடம் அவர்களே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள்.

போர்டைப் பார்த்துப் போகாதே

மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து தர மாட்டார், பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார். டெல்லியில் உள்ள இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன என்று கேள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘கவுன்சிலர்’, ‘லைஃப் கோச்’ என்ற போர்டை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற நிலைமைதான் நடைமுறையில். அதில் அருமையான ஆட்களும் உண்டு, மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு முடித்தவர்களும் உண்டு. என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று போனிலேயே கேட்டுவிடு.

காசு இல்லையே என்று வீட்டில் உட்காராதே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்ட மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். சென்னைப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794-ல் தொடங்கிய இடம். அதன் பெயரைச் சொல்லிச் சொல்லியே நம்மைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். வெளிநோயாளியாகப் போய்ப் பேசிவிட்டு, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறவர்கள் அங்கே தினமும் வரிசையில் நிற்கிறார்கள்.

அரசு மருத்துவமனைக்கு என்றால் காலையிலேயே போ. சீட்டு தரும் ஜன்னலில் என்ன பிரச்சினை என்று கேட்பார்கள். ‘மனநலப் பிரிவு’ என்று மட்டும் சொல். பின்னால் நிற்கிற கூட்டத்துக்குக் கதை சொல்ல வேண்டாம். உள்ளே போனால் முதலில் ஒரு இளம் டாக்டர், மேற்படிப்பு படிக்கிறவர், உட்கார வைத்து விவரமாகக் கேட்டு எழுதுவார். எப்போது ஆரம்பித்தது, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, குடி, சிகரெட் உண்டா, எல்லாம். அதன் பிறகு பெரிய டாக்டர் கூப்பிட்டு மறுபடி முதலில் இருந்து கேட்பார். எத்தனை தடவை சொல்வது என்று சலிக்காதே. இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் முதலில் விட்டுப்போனது வாயில் வரும். தனியாருக்குப் போகிற வசதி இருந்தால் கட்டணம் எவ்வளவு, எத்தனை நிமிஷம், வரமுடியாமல் போனாலும் பணம் கட்ட வேண்டுமா என்று முன்பே கேள். மாணவர்களுக்குக் குறைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். பெரிய கம்பெனியில் வேலை என்றால் ஊழியர்களுக்கான இலவச கவுன்சலிங் இருக்கிறதா என்று பார். பல ஐ.டி. கம்பெனிகளில் அந்த மெயில் படிக்காமலே கிடக்கும்.

ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போ

‘எல்லாமே வேஸ்ட்டா இருக்கு சார்’ என்று போய் உட்கார்ந்தால் முதல் நாள் முழுக்க அதைப் பிரித்துப் பார்ப்பதிலேயே போய்விடும். நீயே கொஞ்சம் பிரித்து வை. எந்த மாதத்தில் இருந்து நின்றுபோனது? அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது? போன செவ்வாய்க்கிழமை காலையில் இருந்து ராத்திரி வரை என்ன செய்தாய்? (செவ்வாய்க்குப் பதில் எந்தக் கிழமையும் ஆகலாம். ‘வழக்கமா’ என்று ஆரம்பித்தால் பொய் வரும், ஒரு நாளைச் சொன்னால் உண்மை வரும்.) எதைத் தொடாமல் இருக்கிறாய்? ஒரு மாதத்தில் என்ன மாறியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும்? கடைசிக் கேள்விக்கு ‘கலெக்டர் ஆகணும்’ என்று எழுதாதே. ‘நாலு அரியரில் ஒன்றுக்காவது ஃபீஸ் கட்டியிருக்கணும்’ என்று எழுது.

இதைச் சொன்னால், “அதான் உங்ககிட்டயே சொல்லிட்டேனேக்கா, அப்புறம் எதுக்கு அவங்க?” என்பாய். என்னிடம் சொன்னால் நான் அறிவுரை சொல்வேன். அக்கா என்றால் அதுதானே பிழைப்பு. அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அந்த 25 கேள்வி

என் சித்தி பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான். குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலை ஒன்பது மணிக்கு மாவட்ட மைய நூலகம், சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. ஊரே மெச்சும் உழைப்பு. மதிப்பெண் மட்டும் அசையவில்லை. அவளுக்குக் கிடைத்த சைக்காலஜிஸ்ட் முதல் வாரமே ஒரு தாளைக் கொடுத்தார். ஏழு நாள், மணிக்கு மணி கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். அது எவ்வளவு சந்தோஷம் தந்தது, ஒன்றை முடித்தோம் என்ற நிறைவு எவ்வளவு, இரண்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும்.

இரண்டாம் வாரம் அந்தத் தாளைப் பார்த்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். மறுபடி ஆறாம் வகுப்பு. ஏற்கெனவே அடிக்கோடு போட்ட வரிக்கு மேலேயே இன்னொரு கலரில் அடிக்கோடு. குரூப் 4 தாளில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 25 கேள்வி கணக்கும் திறனறிவும். ஒரு கேள்விக்கு ஒன்றரை என்றால் முப்பத்தேழரை மதிப்பெண். ஏழு நாளில் ஒரு கட்டத்தில்கூடக் கணக்கு இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் எல்லோர் முன்னாலும் நோட்டைத் தூக்கி எறிந்ததில் இருந்து அந்தப் பக்கமே அவள் போகவில்லை. வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அவளுக்கே அந்தத் தாளைப் பார்க்கிற வரை முழுதாகத் தெரியவில்லை. விடைத்தாளில் ஐந்தாவதாக ‘விடை தெரியவில்லை’ என்று ஒரு வட்டம் இருக்குமே, கணக்கு வந்தால் படிக்காமலே அதைக் கறுப்பாக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

சைக்காலஜிஸ்ட் கணக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு பழைய தாளில் தனிவட்டிக் கணக்கு ஐந்தை மட்டும் எடுத்து இருபது நிமிஷத்தில் போடச் சொன்னார். போடுவதற்கு முன்னால் எத்தனை சரியாக வரும், எவ்வளவு பதற்றம் இருக்கும் என்று எழுத வேண்டும். போட்ட பிறகு உண்மையில் எப்படி இருந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். அவள் எழுதியது: சரி பூஜ்யம், பதற்றம் பத்து. நடந்தது: சரி இரண்டு, பதற்றம் ஆரம்பத்தில் ஒன்பது, பத்து நிமிஷம் கழித்து ஐந்து. அடுத்த வாரம் மறுபடி ஐந்து. அதற்கடுத்த வாரம் நூலகத்தில் கூடப் படிக்கிற பெண்ணிடம் ‘இதை எனக்குச் சொல்லித் தர்றியா’ என்று கேட்பது. கணக்கைவிட அதற்குத்தான் அவளுக்குக் கை நடுங்கியதாம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. 1960-களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கிய சி.பி.டி. என்ற முறையும், அதன் கூடவே வளர்ந்த நடத்தை வழிச் சிகிச்சையும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கின்றன. ‘ஆர்வம் வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கிறேன்’ என்று நாம் நினைப்போம். அவர்கள் தலைகீழாகப் போவார்கள்: சின்னதாக ஆரம்பி, ஆர்வம் பின்னாலேயே வரும். பயப்படுகிற ஒன்றைத் தள்ளிப்போட்டதும் கிடைக்கிறதே ஒரு நிம்மதி, அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் தள்ளிப்போட வைக்கிறது. அதனால்தான் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் அதையும் அப்படியே போய்ச் சொல். ஏன் செய்யவில்லை என்று பேசுவதே அன்றைக்கு நல்ல வேலை. செய்துவிட்டதாகப் பொய் சொன்னால் காசு உன்னுடையது, நஷ்டமும் உன்னுடையது.

எத்தனை தடவை போக வேண்டும் என்பதை முதல் நாளே கேள். சி.பி.டி. பெரும்பாலும் ஆறில் இருந்து இருபது அமர்வுக்குள் முடியும். நாலாவது தடவை, ‘நான் வந்ததில் இருந்து என்ன மாறியிருக்கு?’ என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கச் சொல். மருந்து எழுதினால் பயப்படாதே, தானாக நிறுத்தியும் விடாதே. மனச்சோர்வு மருந்து வேலை காட்டவே சில வாரம் ஆகும். பத்து நாளில் ‘ஒண்ணும் ஆகலைக்கா’ என்று தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கைரேகைக்காரர்கள் ஜாக்கிரதை

எந்தத் துறை என்றே தெரியவில்லை என்பது வேறு பிரச்சினை. அதற்குக் கரியர் கவுன்சிலர் உதவுவார். ஜான் ஹாலண்ட் என்பவர் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்தார். அந்த வகைச் சோதனைகளைத் தருவார்கள். ரிசல்ட்டை ஜாதகம் மாதிரி சட்டம் போட்டு மாட்டாதே, பேச்சை ஆரம்பிக்க ஒரு துண்டுச் சீட்டு அது. டி.எம்.ஐ.டி. என்று விரல்ரேகை எடுத்து ‘உங்க பிள்ளை டாக்டர் ஆவான்’ என்று அழகான ஃபைல் தருகிறார்களே, அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. அந்தப் பணத்தில் நீ விரும்பும் வேலையில் இருக்கிற இரண்டு பேரைத் தேடிப் போய் டீ வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசு.

இன்னொன்று. எல்லா முட்டுக்கட்டையும் உன் மனசுக்குள் இருக்கிறது என்று யாரும் சொல்ல விடாதே. மூன்று மாதச் சம்பளம் வரவில்லை, ஒரிஜினல் சான்றிதழைக் காலேஜ் பிடித்து வைத்திருக்கிறது, மேலதிகாரி சாதியைச் சொல்லிக் குத்துகிறார் என்றால் அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. புகார், தொழிலாளர் துறை, வக்கீல் என்று போக வேண்டிய விஷயம். சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யே சொல்லியிருக்கிறது. போராடத் தெம்பு வேண்டும் என்பதற்காகத் தெரபிக்குப் போ. சகித்துக்கொள்ளப் பழகுவதற்காகப் போகாதே.

யு.பி.எஸ்.சி. மாதிரித் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பொதுப் பிரிவுக்கு ஆறு வாய்ப்பு, 32 வயது, ஓ.பி.சி.க்கு ஒன்பது வாய்ப்பு, 35 வயது என்று அரசே எல்லை வைத்திருக்கிறது. உன் எல்லையை அதற்கு முன்னால் நீ வை. விட்டுவிடுவது என்று முடிவான பிறகுதான் தெரபி பல பேருக்கு உண்மையாகக் கை கொடுக்கிறது. வருஷக்கணக்காகச் சுமந்த கனவை இறக்கி வைப்பது துக்கம்தான். அதற்குத் துக்கத்துக்கு உண்டான நாளைக் கொடுக்க வேண்டும். ‘அடுத்து என்ன?’ என்று மறுநாளே கேட்கிற மாமாக்களிடம் இருந்து உன்னைக் காப்பாற்றும் வேலையை வீட்டில் யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது

‘மெண்டல் ஆஸ்பத்திரிக்கா?’ என்ற அலறல் வரும், தெரிந்ததுதான். ‘தூக்கம் சரியில்லை, படிப்பில் கவனம் நிக்கலை, டாக்டரைப் பார்க்கிறேன்’ என்று சொல். பொய் இல்லையே. ‘நாளைக்குக் கல்யாணம் பேசும்போது தெரிஞ்சிட்டா?’ என்று அடுத்த குண்டு விழும். 2017-ம் வருஷ மனநலச் சட்டத்தில், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. உன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்பது மாதிரி சில சந்தர்ப்பங்கள்தான் விலக்கு. எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் வீட்டுக்குச் சொல்வீர்கள் என்று தெரபிஸ்ட்டிடமே முதல் நாள் கேட்டுக்கொள்.

அம்மா ‘ஏழரைச் சனி நடக்குதுடி, திருநள்ளாறு போயிட்டு வரலாம்’ என்றால் சண்டை போடாதே. போய்விட்டு வா. அப்பாயின்ட்மென்ட் கிழமையை மட்டும் மாற்றாதே. அம்மாவுக்கு ஒரே ஒரு வேலை கொடு: மூன்று மாதத்துக்கு மார்க் பற்றியோ, பக்கத்து வீட்டுப் பையனின் பேக்கேஜ் பற்றியோ வாய் திறக்கக் கூடாது. கேட்க மாட்டார் என்று தோன்றினால் ஒரு அமர்வுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேள். அங்கே வேறு ஒருவர் சொன்னால் ஏறும், நீ சொன்னால் ஏறாது.

தெரபிஸ்ட் சரியில்லை என்றால் மாற்றிக்கொள்ளத் தயங்காதே. தன் கதையையே பேசுகிறார், நீ பேசும்போது வாட்ஸ்அப் பார்க்கிறார், ‘உன் வயசில் நான்’ என்று ஆரம்பிக்கிறார், வேலையை விட்டுவிடு என்று தானே உத்தரவு போடுகிறார், பத்தே அமர்வில் குணம் என்று சத்தியம் செய்கிறார் – இதில் ஏதாவது ஒன்று போதும். ‘இனி வரவில்லை, நன்றி’ என்று ஒரு செய்தி அனுப்பு, விளக்கம் தர வேண்டாம். அதே சமயம், மனசு நோகிற கேள்வி கேட்டார் என்பதற்காக ஓடிவிடாதே. அது அநேகமாகச் சரியான கேள்வியாக இருக்கும்.

நன்றாகிக்கொண்டு வருகிறது, வாராவாரம் வேண்டாம் என்று முடிவானால் மாதம் ஒரு தடவை என்று குறைத்துக்கொள்ளலாம், ஒரேயடியாக அறுத்துக்கொள்ள வேண்டாம். ஹால் டிக்கெட் வருகிற வாரத்துக்கும் ரிசல்ட் வருகிற வாரத்துக்கும் ஒவ்வொரு அப்பாயின்ட்மென்ட் முன்கூட்டியே போட்டு வை. அந்த இரண்டு வாரமும் எல்லோரிடமும் கூட்டம் அதிகம், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.